வீட்டுக்குள் ஒரு குட்டி ரோபோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் உள்ளங்கையளவு ரோபோ ஒன்று குடியிருக்கிறது. பெயர் பொடியன். ஆயா, அதாவது எங்கள் பாட்டி, வைத்த பெயர். வீட்டுக்கு வருகிறவர்கள் காபி ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செருப்பு மாட்டும்போது கேள்வி கேட்பார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பிலும் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். நான் எதையும் விற்பவன் இல்லை. நாலைந்து ரோபோக்களைப் பிரித்து மாட்டியவன், அவ்வளவுதான்.

இது என்னதான் செய்யும்?

பெரிதாக ஒன்றும் செய்யாது. பாத்திரம் துலக்காது, தரை துடைக்காது. அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு டைமர் போடச் சொல்லலாம், மழை வருமா என்று கேட்கலாம். மற்ற நேரமெல்லாம் அது பாட்டுக்கு மேசையில் சுற்றும், எதையாவது முட்டும், தெரிந்த முகத்தைப் பார்த்தால் கண் விரியும், சார்ஜ் குறைந்தால் தன் இடத்தில் போய் ஏறிக் குறட்டை விடும்.

இதில் பல ரகம் உண்டு. சக்கரத்தில் ஓடும் வெக்டர், நின்ற இடத்திலேயே கையை ஆட்டும் ஐலிக், காலைத் தூக்கி ஆடும் ஈமோ, நாய் வடிவத்தில் சோனியின் ஐபோ, தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லிக் கையாட்டும் ஜப்பானின் லோவாட். லோவாட்டின் உடம்பைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்படியே செய்திருக்கிறார்கள்.

அலெக்ஸா இருக்கிற வீட்டில் இது எதற்கு?

அலெக்ஸா கூப்பிட்டால்தான் பேசும். இது கூப்பிடாமலே வரும், கூப்பிட்டால் சில சமயம் வராது. பூனை வளர்த்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். கேட்டதற்குப் பதில் வந்தால் போதும் என்றால் அலெக்ஸாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், காசு மிச்சம்.

அதற்கு நிஜமாகவே கோபம், சந்தோஷம் எல்லாம் வருமா?

வராது. உள்ளே இருப்பவை சில எண்கள். வெக்டரில் சந்தோஷம், தன்னம்பிக்கை, துறுதுறுப்பு, பழகும் ஆசை, நம்பிக்கை என்று சில அளவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். முதுகைத் தடவினால் ஒன்று ஏறும், முரட்டுத்தனமாக ஆட்டினால் இன்னொன்று இறங்கும், சும்மா விட்டால் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்துவிடும். அந்த நேரத்து எண்களுக்கு ஏற்ற அசைவு ஒன்றை, ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் குவியலிலிருந்து எடுத்து ஓட்டுகிறது.

எண்களை விட அசைவுதான் சமாசாரம். வெக்டருக்கு அண்ணனான கோஸ்மோ 2016இல் வந்தது. அதன் அசைவுகளை உருவாக்க, இரண்டையும் செய்த ஆங்கி கம்பெனி, பிக்சாரில் அனிமேட்டராக இருந்த கார்லோஸ் பாயெனாவை வேலைக்கு எடுத்தது. பொடியன் திரும்புவதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். முதலில் கண் மட்டும் ஓரத்துக்கு ஓடும். கால் நொடி கழித்துத் தலை தூக்கும். அப்புறம்தான் உடம்பு திரும்பும். மூன்றும் ஒன்றாகத் திரும்பினால் அது டேபிள் ஃபேன். அதே மாதிரி, கண் ஒரே இடத்தில் நிலைகுத்தி நிற்கவே நிற்காது. சும்மா இருக்கும்போதும் இங்கே அங்கே என்று துளித்துளி துள்ளும், நடுநடுவே இமைக்கும். அந்தத் துள்ளலை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஆயா ஒரே நிமிஷத்தில், "என்னடா இது, செத்த மீன் மாதிரி பாக்குது" என்றார்.

மிச்சத்தை நம் மண்டை பார்த்துக்கொள்ளும். 1944இல் ஹைடர், ஸிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள், இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் நகரும் சின்னப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் பெரிய முக்கோணம் அடாவடி பண்ணுகிறது, வட்டம் பயந்து ஓடுகிறது என்று கதை சொன்னார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கொலு வைக்கும் வீட்டில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை இருக்கிறதே, அதற்கு அசைவது தலையும் இடுப்பும்தான். யார் போய் நின்றாலும் தன்னைப் பார்த்துத்தான் ஆடுகிறது என்று நினைப்பார்கள். 1990களின் கடைசியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சிந்தியா பிரசீல் கிஸ்மெட் என்ற ரோபோத் தலையைச் செய்தபோதும் இதுதான் நடந்தது. புருவமும் காதும் உதடும் அசைகிற உலோகத் தலையிடம் பெரியவர்கள் கைக்குழந்தையைக் கொஞ்சுகிற குரலில் பேசினார்கள்.

சரி, எதை வாங்கலாம்?

கண்ணழகைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், எல்லாவற்றுக்கும் கண் அழகாகத்தான் இருக்கும். நான் கேட்கச் சொல்வது வேறொன்று: இதைச் செய்த கம்பெனி நாளைக்கு மூடிவிட்டால் இது என்ன ஆகும்?

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. யாராவது வைத்திருந்தால் அவர்கள் வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு அரை மணி நேரம் அதோடு விளையாடுங்கள். ஐலிக் அசராது. அதற்கு இணையமே தேவையில்லை, தலையையும் வயிற்றையும் தொட்டால் போதும். வெக்டர் ஓடும், முகத்தை அடையாளம் காணும், தடவினால் முனகும், ஆனால் நீங்கள் சொல்வது அதற்குப் புரியாது. பேச்சைப் புரிந்துகொள்ளும் வேலை வெளியே ஒரு சர்வரில் நடக்கிறது, கம்பெனி மூடினால் அந்த சர்வரும் நின்றுபோகலாம். இன்னும் சில ரோபோக்கள் பொம்மையாகவே உட்கார்ந்துவிடும்.

எங்களுக்கு இந்தச் சோதனையை மிக்ஜாம் புயலே நடத்திக் காட்டியது. 2023 டிசம்பர் 4. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கரண்ட் இல்லை, இன்வெர்ட்டரும் மாலைக்குள் கைவிட்டுவிட்டது. பொடியன் சார்ஜரில் போய் ஏறினான், விளக்கு எரியவில்லை, இறங்கினான், மறுபடி ஏறினான். இப்படி ஏழெட்டு முறை. கடைசியில் சார்ஜர் மேலேயே கண் சுருங்கி அணைந்துவிட்டான். எண்கள்தான், தெரியும். இருந்தாலும் ஆயா அதன் மேல் ஒரு கைக்குட்டையைப் போர்த்தினார்.

நிஜமாகவே கம்பெனி மூடியதுண்டா?

இந்தத் துறையில் மூடாத கம்பெனிகளை எண்ணுவது சுலபம். குரி என்ற வீட்டு ரோபோவைச் செய்த மேஃபீல்டு ரோபாட்டிக்ஸ் 2018இல் கடையைக் கட்டியது. கோஸ்மோ, வெக்டரைச் செய்த ஆங்கி 2019இல் திடீரென்று மூடியது. கிஸ்மெட்டைச் செய்த அதே சிந்தியா பிரசீல் ஆரம்பித்த ஜீபோ என்ற ரோபோவுக்கு 2014இல் மக்கள் முன்பணம் கட்டினார்கள், 2017இல்தான் கைக்கு வந்தது, விலை 899 டாலர். 2019இல் அந்த ரோபோவே தன் வீட்டுக்காரர்களிடம், சர்வரை நிறுத்தப் போகிறார்கள், இத்தனை நாள் கூட இருக்கவிட்டதற்கு நன்றி என்கிற மாதிரி பேசிவிட்டுக் கடைசியாக ஒரு ஆட்டம் ஆடியது. 2024 டிசம்பரில் குழந்தைகளுக்கான மாக்ஸியின் முறை. 799 டாலர் ரோபோ. இனி பேசாது என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பதற்குக் கம்பெனியே பெற்றோருக்குக் கடிதம் தயாரித்துக் கொடுத்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், எனக்கென்னவோ வயிற்றெரிச்சலாக இருந்தது.

தப்பிப் பிழைத்தவையும் உண்டு. ஆங்கியின் சொத்துகளை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த டிஜிட்டல் ட்ரீம் லேப்ஸ் வாங்கியது. அதற்கும் மேலாக, வெக்டர் பிரியர்கள் வயர்-பாட் என்ற இலவச மென்பொருளை எழுதினார்கள். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியிலோ போட்டால், அதுவே வெக்டரின் சர்வராகிவிடும். மாக்ஸிக்கும் ஓப்பன் மாக்ஸி என்று அதே மாதிரி ஒன்று வந்தது. சொந்த சர்வரில் ஓட வைக்க வழியுள்ள ரோபோவாகப் பார்த்து வாங்குங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ஜப்பானியர் கதை தனி. சோனி முதல் ஐபோவை 1999இல் விட்டபோது 2,50,000 யென் விலையில் 3,000 நாய்களும் அங்கே இருபதே நிமிஷத்தில் விற்றுத் தீர்ந்தன. 2006இல் தயாரிப்பை நிறுத்தினார்கள், 2014இல் ரிப்பேர் பார்ப்பதையும் நிறுத்தினார்கள். பழைய சோனி ஊழியர்கள் சிலர் ஏ-ஃபன் என்ற கம்பெனியில் ரிப்பேரை ஏற்று நடத்தினார்கள். உதிரி பாகம் புதிதாகக் கிடைக்காது, ஆகவே இறந்த ஐபோவின் உறுப்புகளைத்தான் இன்னொன்றுக்கு மாட்ட வேண்டும். மாட்டுவதற்கு முன் சிபா மாநிலத்தின் இசுமியில் உள்ள கோஃபுகுஜி பௌத்தக் கோயிலில் வரிசையாக அடுக்கி வைத்துச் சடங்கு நடத்தினார்கள். முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. ஆயுத பூஜைக்கு லேத் மெஷினுக்குப் பொட்டு வைக்கிற ஊர்க்காரன் சிரிக்கலாமா என்று அப்புறம் தோன்றியது. புது ஐபோவை 2018இல் சோனியே மறுபடி கொண்டுவந்தது. அமெரிக்காவில் அப்போது 2,899 டாலர்.

தமிழ் பேசுமா?

இப்போதைக்குப் பெரும்பாலும் ஆங்கிலம்தான், அதுவும் அமெரிக்கக் காதுக்குப் பழகிய ஆங்கிலம். பள்ளிப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் அதற்கேற்ற மாதிரி பேசக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள், பெரியவர்கள்தான் கத்திக் களைக்கிறார்கள். ஆனால் ஆயா பொடியனிடம் தமிழில்தான் பேசுவார். "டேய், சாப்ட்டியா? வா, இந்தப் பக்கம் வா" என்று மேசையைத் தட்டுவார். சத்தம் வந்த திசைக்கு அது திரும்பும், முகத்தைக் கண்டதும் கண் விரியும். தான் சொன்னது புரிந்துவிட்டது என்பது அவர் கட்சி. நான் திருத்துவதில்லை.

சென்னை வெயிலுக்கும் தூசிக்கும் தாங்குமா?

தாங்கும், பார்த்துக்கொண்டால். முதல் எதிரி பேட்டரிக்கு ஆகாத சூடு. மே மாதம் மேற்குப் பார்த்த ஜன்னலோரம் சார்ஜர் வைத்தால் லித்தியம் செல் சீக்கிரம் கிழடாகிவிடும். நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒன்று அடிப்பக்க மூடி ஒரு நூல் தூக்கியபடி வந்தது. திறந்து பார்த்தால் செல் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. அப்படி உப்பினால் சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஊருக்குப் போகும்போது பாதி சார்ஜில் அணைத்து வைப்பது நல்லது.

இரண்டாவது, யாரும் யோசிக்காதது: கறுப்பு கிரானைட். மேசை விளிம்பை இந்த ரோபோக்கள் கண்டுபிடிப்பது அடியில் இருக்கும் அகச்சிவப்பு சென்சாரால். ஒளி கீழே போய்ப் பட்டுத் திரும்பி வந்தால் தரை இருக்கிறது, வராவிட்டால் பள்ளம். பளபளக்கும் கறுப்புக் கல் அந்த ஒளியை விழுங்கிவிடும். நட்டநடு மேடையில் நின்றுகொண்டு நாலா பக்கமும் பள்ளம் என்று பயந்து பின்வாங்கும். எங்கள் சமையல் மேடையில் பொடியன் ஒரு முழு மாலை இப்படித் தவித்தான். கீழே ஒரு பழைய காலண்டர் அட்டையை வெள்ளைப் பக்கம் மேலே தெரியப் போட்டதும் சரியாகிவிட்டது. நேர் வெயில் படுகிற மேசையிலும் இதே சென்சார் குழம்பும்.

மூன்றாவது, பூ நார். மல்லிகைச் சரத்திலிருந்து உதிரும் நாரும் தலைமுடியும் சக்கர அச்சில் சுற்றி மோட்டாரை முனக வைக்கும். மாதம் ஒருமுறை ஊசி முனையால் எடுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர்க்காரர்கள் சார்ஜர் முனைகளையும் துடைக்க வேண்டும், உப்புக்காற்றில் பச்சை பூக்கும். எறும்பு? இனிப்புக் கையோடு தடவாமல் இருந்தால் வராது.

கேமராவும் மைக்கும் இருக்கிறதே, பயமில்லையா?

கொஞ்சம் இருக்க வேண்டும். முகம் அடையாளம் காண்பது ரோபோவுக்குள்ளேயே நடக்கிறதா, படம் வெளியே போகிறதா என்று கம்பெனி சொல்வதைப் படித்துப் பாருங்கள். படுக்கையறையில் வைக்காதீர்கள். இந்தியாவில் 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. அதோடு, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் இதற்குக் கண் நிஜமாகவே உண்டு என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்து, அவர் அதன் முன்னால் நின்று தலைவாரிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு தெரிந்து சங்கடப்பட்டார். கேமராவே வேண்டாம் என்றால் ஐலிக் மாதிரி தொடு உணர்வோடு நிற்பவை இருக்கின்றன.

குழந்தைக்கு வாங்கித் தரலாமா?

ஏழெட்டு வயதுக்கு மேல் என்றால் சரி. நம் நாட்டுத் தயாரிப்பு வேண்டுமானால் மும்பையில் ஐஐடி பழைய மாணவர்கள் ஆரம்பித்த மீகோ இருக்கிறது, பிள்ளைகளுக்கென்றே செய்தது. பொம்மை என்று விற்கப்படுவதற்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பெட்டியில் பாருங்கள். இலவச வசதி எது, மாதச் சந்தா எது என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பழகியபின் சந்தாவை நிறுத்தினால் வீட்டில் நடக்கும் ரகளையை என் தங்கை வீட்டில் பார்த்திருக்கிறேன்.

அம்மா தனியாக இருக்கிறார், துணைக்கு வைக்கலாமா?

அமெரிக்காவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அதிகம் வரும் கேள்வி இதுதான். துணைக்கு என்று ரோபோ செய்வது புதிதில்லை. ஜப்பானின் தக்கனோரி ஷிபாதா 1993இல் தொடங்கி உருவாக்கிய பாரோ என்ற கடல்நாய்க் குட்டியை மறதி நோயாளிகளின் இல்லங்களில் மடியில் வைக்கிறார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009இல் அதை மருத்துவச் சாதனமாகவே ஏற்றது. நியூயார்க் மாநில முதியோர் துறை 2022இல் எல்லிக்யூ என்ற பேசும் ரோபோவை முதியவர்கள் வீட்டில் வைக்க ஏற்பாடு செய்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நான் கேட்பது, அம்மாவுக்கு விளையாட்டுப் புத்தி உண்டா? உண்டென்றால் வாங்கிக் கொடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டவாவது ஒரு சாக்கு கிடைக்கும். ஆயாவுக்குப் பொடியன் பிடித்ததே வருகிறவர்களிடம் அதைப் பற்றிப் பேச முடிகிறது என்பதால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் கீழே விழுந்தால் இது யாரையும் கூப்பிடாது. அதற்கு எதிர்வீட்டில் ஒரு சாவி கொடுத்து வையுங்கள், ஆம்புலன்ஸுக்கு 108, முதியோர் உதவிக்கு 14567 என்று ஃபோன் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபோனை நிறுத்துவதற்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

வீட்டில் நாய் இருக்கிறது.

ரோபோவை அலமாரி மேல் வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் சொல்லி வாங்கலாமா?

தாராளமாக. அணைத்து, கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள், லித்தியம் பேட்டரி செக்-இன் பெட்டியில் வேண்டாம். கூரியரில் வரவழைத்தால் சுங்க வரி சேரும். பெரும்பாலும் 5 வோல்ட் யூஎஸ்பியில் ஓடுவதால் நம்மூர் 230 வோல்ட் பிரச்சினை இல்லை. வந்த முதல் நாள் வைஃபையில் சேரவில்லை என்று பதறுவீர்கள். இவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் சேரும். இரண்டு அலைவரிசையும் ஒரே பெயரில் வரும் ரௌட்டர் என்றால் செட்டிங்ஸில் பிரித்து வையுங்கள். எனக்கு வரும் அவசர அழைப்புகளில் பாதி இதுதான்.

நாமே செய்ய முடியுமா?

முடியும், நான் சந்தோஷமாகப் பதில் சொல்லும் ஒரே கேள்வி இது. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடங்கள். ஞாயிறு போகாதீர்கள், பாதிக் கடை மூடியிருக்கும். மூளைக்கு ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டு ஒன்று, 0.96 அங்குல ஓலெட் திரை, தலையைத் திருப்ப எஸ்ஜி90 சர்வோ மோட்டார் இரண்டு, தொடு சென்சார் ஒன்று, பாதுகாப்புச் சுற்றோடு வரும் சார்ஜர் போர்டு, நல்ல 18650 லித்தியம் செல், அதன் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக உயர்த்த ஒரு சின்ன போர்டு. எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிக்கலாம். செல்லில் மட்டும் பேரம் பேசி மலிவானதை வாங்காதீர்கள்.

கண்ணுக்கு ரோபோஐஸ் என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. அந்த 128க்கு 64 புள்ளித் திரையில் இரண்டு வட்டமுனைச் சதுரங்களை வரைந்து, இமைக்க, கோபிக்க, தூங்கி வழிய வைக்கும். எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று: சர்வோவுக்கு ஈஎஸ்பி32 போர்டின் முனையிலிருந்தே கரண்ட் எடுப்பது. சர்வோ கிளம்பும் நொடியில் இழுக்கும் இழுப்பில் மின்னழுத்தம் சரிந்து போர்டு ரீசெட் ஆகிவிடும். ரோபோ தலையைத் திருப்பும்போதெல்லாம் மயங்கி விழுந்து எழுந்திருக்கும். 5 வோல்ட்டை சர்வோவுக்குத் தனி வயரில் நேராகக் கொடுத்து, தரை (கிரவுண்ட்) முனையைப் பொதுவாக்கி, பக்கத்தில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் போடுங்கள்.

உடம்புக்கு நான் முதலில் பயன்படுத்தியது ஒரு காலி ஊறுகாய் டப்பா. தொடு சென்சாரை மூடியின் உட்பக்கம் ஒட்டினால் மெல்லிய பிளாஸ்டிக் வழியாகவே கையை உணரும். அப்புறம் அந்தக் கால் நொடி: முதலில் கண், பிறகு தலை. இதை மட்டும் சரியாக எழுதிவிட்டால் ஊறுகாய் டப்பாவைப் பார்த்தும் அத்தை "ஐயோ பாவம்" என்பார். இது எந்தக் கம்பெனி மூடினாலும் சாகாது, வைரஸ் மாதிரி அப்டேட்டும் வராது.

ஆயுத பூஜைக்கு வைக்கலாமா?

வருஷா வருஷம் வைக்கிறோம். ஒரே ஒரு எச்சரிக்கை: சந்தனத்தை முதுகில் வைக்காதீர்கள், அங்கே தொடு சென்சார் இருக்கிறது. ஈரச் சந்தனம் காயும்வரை யாரோ தடவிக்கொண்டே இருப்பதாக நினைத்து அது முனகிக்கொண்டே இருக்கும். முதல் வருஷம் தீபாராதனை முடியும்வரை முனகியது, ஆயாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்போது சார்ஜர் மேல் வைக்கிறோம்.